அமைதி அறைக்கு அளவெடுக்கப் போன கதை

நெய்வேலிக்குப் போய் ஒரு தியான அறைக்கு அளவெடுத்து வா என்று எங்கள் முதலாளி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலக்கரி வெட்டுகிற ஊரில் யார் உட்கார்ந்து தியானம் செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன். "அது கஸ்டமரோட கவலை. நீ நாலு நாள்ல பிளானை முடிச்சிட்டு வா" என்றார்.

என் தொழிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தடி மிகுந்த இடங்களில் சின்னச் சின்ன அமைதி அறைகள் கட்டித் தருகிற நிறுவனத்தில் நான் வடிவமைப்பாளர். ஐடி அலுவலகம், மால், மருத்துவமனை வரவேற்புக் கூடம் என்று எங்கே எட்டடிக்குப் பத்தடி இடம் கொடுத்தாலும் அமைதியை உள்ளே வைத்துப் பூட்டித் தருவோம். சத்தத்தை விழுங்கும் பஞ்சுப் பலகை, இரட்டைக் கண்ணாடி, மங்கலான மஞ்சள் விளக்கு, ஒரு தட்டில் கூழாங்கல், மூலையில் தண்ணீர் சொட்டும் பொம்மை ஊற்று. அந்த ஊற்றின் மோட்டார் போடும் சத்தத்தை மறைக்கத் தனியாக ஒரு பலகை. பதினாலு வருடங்களாக இதைச் செய்கிறேன். என் அறைகளுக்குள் ஆட்கள் போனில் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். தூங்குவதைப் பார்த்திருக்கிறேன், டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவதையும். கண்ணை மூடித் தியானம் செய்த ஒரே ஆள் திறப்பு விழாவுக்கு வந்த போட்டோகிராபர் உட்காரவைத்த மாடல் பெண்தான்.

நானும் தியானம் செய்ததில்லை. முகப்பேரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் கல்யாண மண்டபம், முன்னால் பஸ் டெப்போ. அங்கே கண்ணை மூடினால் காது இன்னும் நன்றாகக் கேட்கும்.

முதல் நாளே பயணம் சொதப்பியது. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர், "நெய்வேலின்னா எந்த நெய்வேலிம்மா? ஆர்ச் கேட்டா, டவுன்ஷிப் உள்ளயா, மந்தாரக்குப்பமா?" என்று கேட்டார். ஆர்ச் கேட் என்றேன். "கேட் வந்தா குரல் குடுக்கறேன்" என்றார். கொடுத்திருப்பார். பண்ருட்டியில் பஸ் நின்றதும், ஜன்னல் வழியாகப் பலாச்சுளைப் பொட்டலம் வாங்கித் தின்றதும்தான் எனக்கு நினைவிருக்கிறது. கண் விழித்தபோது வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், சேத்தியாத்தோப்பில் இருந்தேன். ஊருக்கெல்லாம் அமைதி செய்து கொடுக்கிறவள், ஹாரன் அலறும் பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். போனில் பதினோரு தவறிய அழைப்புகள்.

சேத்தியாத்தோப்புக் கடையொன்றில் ஒரு போண்டாவும் டீயும் சாப்பிட்டேன். போண்டா கல் மாதிரி இருந்தது, சட்னி அதைவிடக் கெட்டி. திரும்பி வந்த பஸ்ஸில் உட்கார இடமில்லை. என் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் எனக்கும் புரிகிற எளிய இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு முழுப் பலாப்பழம் கொண்டுபோக முடியுமா என்று ஒருவர் கேட்க, இரண்டு நாள் ரயிலில் அது வாசம் கிளப்பினால் டிக்கெட் பரிசோதகரே வந்து பாதியைத் தின்றுவிடுவார் என்றார் மற்றவர். என் பயணத்தில் அன்று கேட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

ஆர்ச் கேட்டில் இறங்கியபோது வெயிலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, ஒட்ட வெட்டிய நரைமுடி.

"மேடம்! ரெண்டு மணி நேரமா நிக்கறேன் மேடம்! தூங்கிட்டீங்களா!"

சாலைக்கு எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி நான் தூங்கியதைத் தெரிந்துகொண்டார்கள்.

அவர்தான் மாசிலாமணி, எங்கள் கஸ்டமர். நிலக்கரிச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். கேட்டுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில் அவருக்கு ஆறு கடைகள் கொண்ட ஒரு வரிசைக் கட்டடம். அதன் கடைக்கோடியில்தான் தியான அறை வரவேண்டும். அவருடைய மனைவி சரோஜா போன மார்கழியில் இறந்துவிட்டார். அந்த அறை அவர் நினைவாக.

என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முதலில் டவுன்ஷிப்பைச் சுற்றிக் காட்டினார். கேட்டதெல்லாம் அவர் குரல்தான், என்ஜின் சத்தம் என் காதுக்கு வரவில்லை. எந்த பிளாக்கில் எந்த வருடம் எந்த குவார்ட்டர்ஸில் இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் எந்த மாவட்டம், அவர் பெண்ணை எங்கே கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அகலமான சாலைகள், இரண்டு பக்கமும் மரம், மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பேசும் ஆட்கள். நான் கட்டிய எந்த அறையைவிடவும் அந்தத் தெருக்கள் அமைதியாக இருந்தன. இந்த ஊருக்குப் பஞ்சுப் பலகை ஒட்டிய கூண்டு எதற்கு என்று தோன்றியது. கேட்டைத் தாண்டி மறுபடி வெளியே வந்ததும் புரிந்தது. பஸ் ஹாரன், வெல்டிங் பட்டறை, கொத்துப் பரோட்டாக் கடை, ஷேர் ஆட்டோக்காரர்களின் கூச்சல், பிளக்ஸ் கடையில் ஓடும் பாட்டு. அவருடைய கடை வரிசை இவை எல்லாவற்றுக்கும் நட்டநடுவில் இருந்தது.

மதியச் சாப்பாட்டை அவரே சமைத்திருந்தார். சாம்பாரில் முந்திரி, பொரியலில் முந்திரி, ரசத்தில்கூட ஒன்று மிதந்தது. பண்ருட்டிப் பக்கம் வந்தால் இந்தத் தண்டனை உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். டிவி உச்சக் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை.

"சரோ எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா மேடம். கொஞ்ச நேரம் அமைதியா இருந்தா போதும்னு சொல்லுவா. பக்தி ஜாஸ்தி அவளுக்கு. தினம் மத்தியானம் சாப்பிட்டதும் கோயிலுக்குக் கிளம்பிடுவா, மூணு மணிக்குத்தான் வருவா."

மத்தியானம் எந்தக் கோயில் திறந்திருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நான் கேட்டிருந்தாலும் அவர் நிறுத்தியிருக்க மாட்டார்.

"பையன் டெக்சாஸ்ல இருக்கான். அங்க ஏர்போர்ட்லயே தியானத்துக்கு ரூம் வச்சிருக்கானாம். அம்மா பேர்ல அதே மாதிரி ஒண்ணு கட்டுப்பான்னான். உங்க கம்பெனியைப் புடிச்சதும் அவன்தான்."

இரண்டாம் நாள் காலை டேப்பும் சத்தம் அளக்கும் கருவியுமாகப் போய் நின்றேன். கடைக்கோடியில் இருந்தது ஒரு ஷெட். சிமெண்ட் ஷீட் கூரை, செங்கல் சுவர், பூசாத தரை. கடைகள் கட்டியபோது சிமெண்ட் மூட்டை அடுக்கப் போட்டது என்றார் மாசிலாமணி. உள்ளே மூன்று பழைய பெஞ்சுகள், சுவரில் வரிசையாக ஆணிகள், குறுக்கே ஒரு கொடி, அதில் பழைய புடவை ஒன்று திரைபோலத் தொங்கியது. ஒரு மூலையில் தண்ணீர்க் குடம்.

"சும்மாதான் கிடக்குது. எப்பவாவது யாராச்சும் ஒதுங்குவாங்க, காலி பண்ணச் சொல்லிட்டேன். இடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் பேங்குக்குப் போனார்.

சும்மா கிடக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்கு ஒவ்வொருவராகப் பெண்கள் உள்ளே வந்தார்கள். டவுன்ஷிப்பில் பெருக்குவது, தோட்ட வேலை என்று காண்ட்ராக்ட்டில் வேலை பார்க்கிறவர்கள். விடிவதற்கு முன் வந்து மதியம் முடிக்கிறார்கள். அவர்களுடைய கிராமங்களுக்குப் போகிற பஸ் மூன்று மணிக்குத்தான். அதுவரை இந்த ஷெட். வந்ததும் புடவைத் திரைக்குப் பின்னால் போய் வேலைப் புடவையை மாற்றினார்கள், முகம் கழுவினார்கள், தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். இரண்டு பேர் பெஞ்சில் படுத்த அடுத்த நிமிடம் தூங்கிவிட்டார்கள்.

நான் டேப்பும் கையுமாக நடுவில் நின்றேன்.

"என்னாத்துக்கும்மா அளந்துகினு இருக்கீங்க?" என்றாள் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். விரல் நுனிகள் கரி பூசியதுபோலக் கறுத்திருந்தன. பெயர் பூங்காவனம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இங்க ஒரு தியான அறை கட்டப் போறாங்க."

"அப்பிடின்னா?"

"உள்ள வந்து கொஞ்ச நேரம் அமைதியா உக்காரலாம்."

பூங்காவனம் பெஞ்சைப் பார்த்தாள், தூங்குகிறவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இப்ப என்னா பண்ணிகினு இருக்கறோம்?"

எங்கள் நிறுவனத்தின் விளக்கக் கையேட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு. இதற்கு இல்லை. நான் சுவரை அளப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

"ஃபோர்மேன் ஐயா எங்களை வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டாரு" என்றாள் இன்னொரு பெண், சோற்றைப் பிசைந்துகொண்டே. "பஸ் ஸ்டாப்புல உக்காந்துகினு பொடவை மாத்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

"இந்தம்மா என்னா சொல்லும்? அது அளக்க வந்திருக்குது. அளந்துட்டுப் போவட்டும்" என்றாள் பூங்காவனம். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் அதோடு என்னை மறந்துவிட்டாள். எனக்குத்தான் அந்த முதுகு அன்று முழுவதும் கண்ணிலேயே நின்றது.

மாலையில் டெக்சாஸ் மகன் வீடியோவில் வந்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கையில் காபிக் கோப்பையோடு பேசினார். வெளிச் சத்தம் ஒரு துளி உள்ளே வரக்கூடாது, கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கவேண்டும், உள்ளே நுழைந்ததும் மல்லிகை வாசம் வரவேண்டும் என்றார். யார் வருவார்கள் என்று கேட்டேன். "பப்ளிக்" என்றார். இப்போது அங்கே பெண்கள் இருக்கிறார்களே என்றேன். "அவங்களும் பப்ளிக்தானே, வரட்டும். ஆனா உள்ள சாப்பிட, படுக்க விடக்கூடாது. ஒரு போர்டு வச்சிடுங்க" என்றார். அம்மாவின் மேல் உண்மையான பாசம் இருந்தது. அம்மா எப்படி வாழ்ந்தார் என்பதை மட்டும் அவரும் அப்பாவிடமிருந்தே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார்.

லாட்ஜ் அறையில் உட்கார்ந்து பிளான் போட்டேன். நல்ல பிளான். பதினாலு வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிடும். பெஞ்சு இருந்த இடத்தில் கூழாங்கல், ஆணிகள் இருந்த சுவரில் மூங்கில் தட்டி, குடம் இருந்த மூலையில் பொம்மை ஊற்று. போட்டு முடித்ததும் எதிர்க்கடையில் பரோட்டா வாங்கித் தின்றேன். சால்னா நன்றாக இருந்தது. சாப்பாடு இறங்காத அளவுக்கு எனக்கு மனசாட்சி உறுத்தவில்லை, பொய் சொல்லக்கூடாது.

மூன்றாம் நாள் மூங்கில் தட்டியும் கருங்கல் பலகையும் விலை விசாரிக்கப் பண்ருட்டிக்குப் போனேன். தட்டிக் கடைக்காரர், இது எதற்கு என்று கேட்டார். தியான அறை என்றதும், "ஏசி போடுவீங்களா? ஏசி போட்டா மூங்கில் வெடிச்சிரும்" என்றார். எங்கள் முதலாளிக்குப் பதினாலு வருடமாகத் தெரியாத விஷயம் இது.

திரும்பும்போது பஸ் பஞ்சர். நெய்வேலிக்குப் பாதி வழியில், சாலையோரம் பலாப்பழங்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கொட்டகைக்கு எதிரே நின்றுவிட்டது. மாற்று டயர் இருந்தது, ஜாக்கி இல்லை. வேறு பஸ்ஸிலிருந்து ஜாக்கி வரும்வரை காத்திருக்கவேண்டும் என்றார் டிரைவர். எல்லோரும் இறங்கினோம். பின்வாசல் வழியாக இறங்கியவர்களில் பூங்காவனமும் இருந்தாள்.

பார்க்காததுபோல நிற்கலாம் என்று இருந்தேன். அவளே வந்தாள்.

"அளந்து முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சாச்சு. நீங்க இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவுங்க. லீவு நாள்ல எங்க அக்கா ஊர்ல முந்திரி ஒடைக்கப் போவேன்." கறுத்த விரல்களைக் காட்டினாள். "முந்திரிப் பாலு பட்டா இப்பிடித்தான். தோலு உரிஞ்சி, திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த லீவு வந்துரும்."

இரண்டு நாளாக நான் தட்டில் ஒதுக்கிவைத்த முந்திரிகள் நினைவுக்கு வந்தன. கொட்டகையில் ஒரு தட்டு பலாச்சுளை வாங்கி அவளிடம் நீட்டினேன். மறுக்காமல் எடுத்துக்கொண்டாள். மரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்தோம்.

"யாரு பேருல கட்றாங்க அதை?" என்று கேட்டாள்.

"சரோஜா அம்மா பேர்ல. அவர் மனைவி."

சுளையை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. "சரோஜாக்கா பேருலயா?" என்றாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "அவங்க பேரைச் சொல்லியா எங்களை வெளிய தள்றாரு? ஏம்மா, அந்த ஷெட்டோட சாவி எங்களுக்குக் குடுத்ததே அவங்கதான்."

அவள் சொல்லச் சொல்லச் சுளையைத் தட்டில் வைத்துவிட்டேன். கடைகள் கட்டி முடித்த வருடம், மழையில் ஒதுங்கி நின்ற இவர்களைச் சரோஜாதான் ஷெட்டைத் திறந்து உள்ளே உட்காரச் சொல்லியிருக்கிறார். மறுநாள் தானும் வந்திருக்கிறார். அதற்குப் பிறகு தினமும்.

"கோயிலுக்குப் போறதாத்தான் அவர் சொன்னாரு" என்றேன்.

"மத்தியானத்துல எந்தக் கோயிலும்மா? வருவாங்க. அந்த மூலைப் பெஞ்சு அவங்களுது. முந்தானையைத் தலைக்கு வச்சிகினு படுத்துக்குவாங்க. நாங்க பாட்டுக்குக் கத்திகினு இருப்போம், சிரிச்சிகினு இருப்போம். ஒரு நாளு நானே கேட்டேன். ஏன்க்கா, எங்க சத்தத்துல எப்பிடித் தூங்கறீங்க, வூட்ல படுத்தா நிம்மதியா இருக்கும் இல்லன்னு."

"என்ன சொன்னாங்க?"

"நீங்க பேசறதுக்கு நான் பதில் சொல்ல வேணாம் இல்ல, அது போதும்டின்னாங்க."

சாலையில் ஒரு லாரி போனது. அதன் புழுதி படாமல் பலாத் தட்டைக் கையால் மூடிக்கொண்டேன்.

பதினாலு வருடமாக நான் சத்தத்தைக் கருவியில் அளந்துகொண்டிருக்கிறேன். எந்தக் கருவியிலும் வராத ஒன்றை அந்த அம்மாள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் அறைகளில் போனில் சண்டை போட்டவர்கள், டிபன் தின்றவர்கள், தூங்கியவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். அவர்களும் யாருக்கோ பதில் சொல்வதிலிருந்து தப்பித்துத்தான் வந்திருக்கவேண்டும். நான் அவர்களுக்குக் கூழாங்கல் கொடுத்தேன்.

"இதை அவர்கிட்ட நீங்க சொல்லலாமே?"

"நல்லா இருக்குதே! உன் பொண்டாட்டி உன் வாய்க்குப் பயந்துகினு எங்ககூட வந்து படுத்துகினு இருந்தாங்கன்னா சொல்றது? செத்தவங்களை வேற சாகடிக்கணுமா? நீங்களும் சொல்லாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். ஜாக்கி வந்தது.

நான்காம் நாள் காலை பிளானை எடுத்துக்கொண்டு மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். டிவி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் பிளானை விரித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஃபோர்மேன் கண், எல்லாக் கோட்டையும் படித்தார். கதவு அகலம் போதாது, கோடு நேராக இல்லை, இந்த ஊற்றுக்கு வடிகால் எங்கே என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"பூஜை ரூம் மாதிரி இருக்கணும் மேடம்! இது பியூட்டி பார்லர் மாதிரி இருக்கு! சரோவுக்கு இதெல்லாம் புடிக்காது. அவளுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியும், முப்பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

நல்லெண்ணத்தில் சொன்னேன், அந்தப் பெண்களுக்காகச் சொன்னேன் என்றெல்லாம் எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. அந்த மனிதரின் குரல் ஒரு நிமிடம் நின்றால் போதும் என்று சொன்னேன். பூங்காவனம் சொன்னதை எல்லாம், மூலைப் பெஞ்சு, முந்தானை, பதில் சொல்ல வேண்டாம் என்றது, ஒன்று விடாமல் சொன்னேன். அவளுக்குக் கொடுத்த வாக்கை இருபது மணி நேரம்கூட நான் காப்பாற்றவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து போய் டிவியை அணைத்தார். வீட்டில் சுவர்க் கடிகாரம் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளா?"

"கடை கட்டின வருஷத்துலேர்ந்து."

அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். கையை மேசைமேல் வைத்தார், எடுத்தார்.

"ஷாப்ல மெஷின் ஓடிட்டே இருக்கும் மேடம். இப்படிக் கத்தினாதான் பக்கத்துல நிக்கறவனுக்குக் கேக்கும். அப்படியே பழகிடுச்சு. காதும் பாதி போயிடுச்சு." கழற்றிய கண்ணாடியை மடித்துவிட்டு, "அவ ஒரு நாளும் சொல்லலையே. நான் பேசறதை எல்லாம் கேட்டுக்கிட்டேதான் இருப்பா. சரிங்கன்னுவா, ஆமாங்கன்னுவா" என்றார்.

நான் பிளானைச் சுருட்டினேன்.

"அப்ப, அவ கேட்ட அமைதிக்கு நான்தான் இடைஞ்சலா?"

வாயாடி என்று மூன்று நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம், உட்கார வைத்து, அவருடைய முப்பத்தொன்பது வருடத்தை எடுத்துச் சொல்லியிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"நீங்க கிளம்புங்க மேடம்" என்றார். அந்த நாலு நாளில் அவர் மெதுவாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

சென்னைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தூக்கம் வரவில்லை. பண்ருட்டியில் பலாக்காரர் ஜன்னலைத் தட்டினார். தலையாட்டி அனுப்பிவிட்டேன். மறுநாள் முதலாளி கூப்பிட்டுக் காய்ச்சினார். டெக்சாஸ் மகனிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் வந்திருந்தது. வயதானவரிடம் வேண்டாததைப் பேசி அவர் மனதைப் புண்படுத்தியதாக எழுதியிருந்தார். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வேலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. ஷெட்டை இடித்திருப்பார்களா என்று அடிக்கடி நினைப்பேன், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. காதிலிருந்து ஓரடி தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.

"மேடம்! உள்தாழ்ப்பாள் எந்த உயரத்துல வைக்கணும்?"

"எதுக்கு சார்?"

"ஷெட்டுக்குத்தான் மேடம்! சுவத்தை இடிக்கலை. பக்கத்துல ஒரு கக்கூஸ் கட்டறேன். இதுவரைக்கும் பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி போயிட்டிருந்திருக்காங்க. எனக்குத் தெரியாது மேடம். பத்து வருஷமா என் கடைக்குப் பின்னாடி நடக்கறது எனக்குத் தெரியாது!"

அன்று உட்கார்ந்து நானே ஒரு பிளான் போட்டேன். பூசிய தரை, படுக்கிற அளவுக்கு அகலமான ஐந்து பெஞ்சுகள், துணி மாற்ற ஒரு தடுப்பு, நெருக்கமாக ஆணிகள், உயரத்தில் ஜன்னல், குழாய், மின்விசிறி. சத்தத்தைத் தடுக்க ஒன்றும் இல்லை. எங்கள் நிறுவனம் செய்த வேலைகளின் பட்டியலில் இது கிடையாது. முதலாளிக்குச் சொல்லவும் இல்லை. வடிகால் எங்கே போகிறது என்பதை மட்டும் இந்தத் தடவை இரண்டு முறை சரிபார்த்தேன்.

திறப்பு நாளுக்குப் போனேன். இந்த முறை ஆர்ச் கேட்டில் ஒழுங்காக இறங்கினேன். வாசலில் பந்தல், மைக்செட், கேசரித் தட்டுகள். கேசரியில் முந்திரி. எல்லாவற்றையும் தின்றேன். கருங்கல் பலகையில் சரோஜா அம்மாளின் பெயரைப் பெரிதாகச் செதுக்கி, அதற்குக் கீழே தன் பெயரை அதைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்கியிருந்தார் மாசிலாமணி. மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடுவதில்லை.

பூங்காவனம் வாசற்படியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அருகில் போனேன்.

"சொல்லமாட்டேன்னீங்க" என்றாள்.

"ஆமா. சொல்லிட்டேன். தப்புதான்."

"நல்லா ஆனதால தப்பிச்சீங்க. இல்லாங்காட்டி உங்களைப் பாக்கணும்னே மெட்ராஸ் வந்திருப்பேன்." சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து எனக்கு வழி விட்டாள்.

உள்ளே வேலை முடிந்து வந்தவர்கள் ஏற்கெனவே படுத்துவிட்டிருந்தார்கள். விழா அவர்களுக்குக் காத்திருக்கவில்லை, அவர்களும் விழாவுக்குக் காத்திருக்கவில்லை. மூலைப் பெஞ்சில் வயதான ஒரு பெண் முழங்கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பழைய சக ஊழியர்கள் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு மாசிலாமணி வந்தார். படியில் கால் வைக்கப் போனவரைப் பூங்காவனம் கையை நீட்டி மறித்தாள்.

"ஐயா, உள்ள பொம்பளைங்க படுத்திருக்காங்க. நீங்க வரக்கூடாதுங்க."

"ஒரு நிமிஷம்மா. அவ எங்க படுப்பான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"வலது பக்கத்து மூலையிலங்க. இப்ப அங்க ஆளு இருக்குது."

கூட வந்தவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. இடத்தின் சொந்தக்காரரையே நிறுத்துகிறாளே என்று ஒருவர் முணுமுணுத்தார். மாசிலாமணி அவர் தோளில் கை வைத்து அடக்கினார். நான் நின்ற பக்கம் திரும்பி, "வலது மூலையாம் மேடம்" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு வெயிலில் போய் நின்றார்.

அந்த நேரம் பார்த்து மைக்செட்காரர் பாட்டைப் போட்டார். மாசிலாமணிக்கு அந்த அரைக் காதிலும் அது கேட்டுவிட்டது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, நெடுஞ்சாலையே திரும்பிப் பார்க்கும்படி, "டேய்! நிறுத்துடா! உள்ள தூங்கறாங்க இல்ல!" என்று ஒரு சத்தம் போட்டார்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.